செலோடேப்பில் துளிர்த்த லார்ச் மரம்

ஒன்பது வயதில் எனக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு லட்சியம்தான் இருந்தது. எங்கள் மாமாவுக்கு எப்படியாவது கல்யாணம் ஆகவேண்டும். மாமா என்றால் அம்மாவின் தம்பி. அவர்மேல் இருந்த பாசத்தால் வந்த லட்சியம் என்று நினைத்துவிடாதீர்கள். அது எண்பதுகளின் கடைசி. லண்டனில் மிட்சம் என்ற பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் மூன்றாவதாக ஒரு அறை இருந்தது. அறை என்று சொல்வது மரியாதைக்கு. கதவைத் திறந்தால் கட்டிலில் முட்டும். அந்த பொக்ஸ் ரூமில் மாமா இருந்தார். நான் தங்கச்சியோடு ஒரே கட்டிலில் படுத்தேன். அவள் நித்திரையில் சைக்கிள் ஓடுவாள். மாமா கல்யாணம் செய்து வேறு வீடு போனால் அந்த அறை எனக்கு.

ஆகவே, லண்டனின் மறுகோடியில் ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து பொம்பிளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை மாமாவைப் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் வீட்டிலேயே அதிகம் துள்ளியது நான்தான். அம்மா பலகாரத்துக்கு ரோல்ஸ் சுற்றினார். அப்பா கார்ப்பெட்டை வக்யூம் செய்தார். நான் பொக்ஸ் ரூம் சுவரில் என் ஃபுட்போல் படங்களை எங்கே ஒட்டலாம் என்று அளந்து பார்த்தேன்.

மாமா மட்டும் மரம் வெட்டிக்கொண்டிருந்தார்.

மாமாவுக்கு வேறு எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது, தொட்டியில் குட்டை மரம் வளர்க்கிற பொன்சாய் மட்டும்தான். பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் முடிந்து வந்தால் பின்வளவில் தொட்டிகளோடு குடியிருப்பார். அவற்றில் அவருடைய உயிர், முழங்கை உயரத்தில் நின்ற ஒரு லார்ச் மரம். லார்ச் குளிர்தேசத்து ஊசியிலை மரம்தான், ஆனால் பனிக்காலம் வந்தால் இலையெல்லாம் கொட்டிவிட்டு வெறும் குச்சியாக நிற்கும். பெப்ரவரிக் கடைசியில், மொட்டுகள் குண்டூசித் தலை அளவில் இருக்கும்போதே அதை வெட்டி வளைத்துவிட வேண்டுமாம். பிந்தினால் மொட்டு விரிந்து, கம்பி சுற்றும்போது உதிர்ந்துவிடுமாம். பொம்பிளை வீட்டார் வேண்டுமானால் காத்திருக்கலாம், மொட்டு காத்திருக்காது என்பது மாமாவின் கட்சி.

அன்று காலை அடுப்படி மேசையில் பேப்பரை விரித்து, கிளைகளை ஒவ்வொன்றாக நறுக்கினார். அவர் நறுக்க நறுக்க அம்மா ‘ஐயோ, ஐயோ’ என்று தாளம் போட்டார். பிறகு தண்டைச் சுற்றிச் செப்புக் கம்பி ஓட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வளைத்தார். கடைசியில் மிஞ்சியது, கோணல்மாணலாக உயர்ந்துபோன ஒரு மெல்லிய தண்டும் உச்சியில் மூன்று கொப்பும்.

“இது என்னடா கோலம்?” என்றார் அம்மா.

“அக்கா, இதுக்கு லிட்டராட்டி எண்டு பேர். அந்தக் காலத்துச் சீனப் புலவர்மார் மரத்தைப் படத்தில இப்பிடித்தான் கீறினவையாம். புலவர் மரம்.”

“புலவர் எண்டால் பட்டினிதானே. அதுதான் எலும்பு தெரியுது.”

மாமா காதில் விழாததுபோல் மரத்தைத் தூக்கிப்போய் ஹோலில், சோபாவுக்குப் பக்கத்துச் சின்ன மேசையில் வைத்துவிட்டுச் சவரம் செய்ய மேலே போனார். வருகிறவர்கள் அதைப் பார்த்து மயங்கிவிடுவார்கள் என்று நினைத்தார்போலும்.

அம்மாவுக்கு வியர்த்துவிட்டது. நல்ல காரியம் என்றால் வாசலுக்கு மாவிலை தேடுகிறவர்கள் நாங்கள். லண்டனில் அது கிடைக்காமல் பிளாஸ்டிக் மாவிலை தொங்கவிட்டவர்கள். “சம்பந்தம் பேச வாற நேரம் நடு ஹோலில மொட்டை மரமோ? வாசலோடையே திரும்பிப் போயிடுவினம்!” மரத்தை ஒளித்துவைக்கவும் பயம். மாமா கோபித்துக்கொண்டு கீழே இறங்காமலே இருந்துவிட்டால்?

பொக்ஸ் ரூம் என் கையைவிட்டு நழுவிக்கொண்டிருந்தது. அப்போதுதான் என் மூளை, வகுப்பில் ஒருநாளும் வேலை செய்யாத அதே மூளை, பளிச்சென்று எரிந்தது. பேப்பரில் கிடக்கும் கொப்புகளைத் திரும்ப ஒட்டிவிட்டால் என்ன?

சொன்னதும் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். மேசை லாச்சியைத் திறந்து செலோடேப்பை எடுத்து நீட்டினார். “கெதியாச் செய்.”

செய்தேன். எந்தக் கொப்பு எங்கே இருந்தது என்றெல்லாம் மினக்கெடவில்லை. இடம் கண்ட பக்கமெல்லாம் ஒட்டினேன்; சிலது தலைகீழாகவும் நின்றது. அம்மா தன் பங்குக்கு மிஞ்சிக் கிடந்த பிளாஸ்டிக் மாவிலைகளைச் செருகி, சாமித்தட்டிலிருந்த பிளாஸ்டிக் மல்லிகைச் சரத்தையும் சுற்றிவிட்டார். பட்டினிப் புலவர் நகைக்கடை முதலாளி ஆகிவிட்டார்.

மணி அடித்தது.

வந்தது தகப்பன், தாய், கூடவே பெண்ணும். பேச்சு முடியுமுன்னே பெண் மாப்பிள்ளை வீட்டுப் படி ஏறுவது வழக்கமில்லை. ஆனால் அந்த வீட்டில் கார் ஓட லைசன்ஸ் எடுத்தவர் அவர் ஒருவர்தான். “பிள்ளை காருக்குள்ள இருக்கட்டும்” என்று தாய் சொல்லிப் பார்த்தார். “இந்தக் குளிருக்குள்ளையோ? நல்ல கதை!” என்று அம்மா கையைப் பிடித்து இழுத்துவந்துவிட்டார். அந்த அக்கா கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, கார்ச் சாவியும் கையுமாகச் சோபா நுனியில் இருந்தபடி கார்ப்பெட்டைப் படித்துக்கொண்டிருந்தார்.

தகப்பன் மரத்தடியில் அமர்ந்தார். “நல்லாச் சடைச்ச மரம். வீட்டுக்கு ஒரு லட்சணம்” என்றார். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். பள்ளிக்கூடத்தில் எனக்குக் கிடைக்காத பரிசெல்லாம் அந்தப் பார்வையில் இருந்தது.

மாமா படியிறங்கி வந்தார். நாடியில் ஒரு வெட்டுக்காயம், அதன்மேல் ஒட்டிய டிஷ்யூத் துண்டு. வணக்கம் சொல்லக் கூப்பிய கை, மரத்தைக் கண்டதும் பாதியில் நின்றுவிட்டது. காலையில் மொட்டையடித்தவனை மத்தியானம் கொண்டையோடு கண்ட நாவிதனின் முகம்.

வந்தவர்களுக்குக் குளிரக்கூடாது என்று அப்பா காஸ் ஹீட்டரை முழுதாகத் திருகிவிட்டிருந்தார். செலோடேப்புக்கு அது ஒத்துவரவில்லை. ஒரு கொப்பு மெல்லத் தலைசாய்ந்து, ஊசலாடி, தகப்பனின் தேத்தண்ணிக்குள் விழுந்தது. அவர் அதை எடுத்து மரியாதையாகச் சோசரில் வைத்தார். அடுத்தது மாவிலையோடு அவர் மடியில் விழுந்தது.

மூக்கால் பீறிக்கொண்டு ஒரு சிரிப்பு. அந்த அக்காதான். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. எழுந்து வந்து ஒரு கொப்பைத் திருப்பிப் பார்த்தார். “செலோடேப்!”

மாமா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சாமிப்படத்தைப் பார்த்தார்.

அந்த அக்கா ஒட்டியதையெல்லாம் ஒவ்வொன்றாக உரித்தெடுத்தார். மரம் பழையபடி எலும்பாக நின்றது.

“ஐயோ, பட்ட மரம்” என்றார் தாய்.

“இல்லை அன்ரி, உயிர் இருக்கு. இஞ்ச பாருங்கோ” என்று மாமா ஒரு மொட்டைக் காட்டினார். ஒருவரும் அசையவில்லை, அந்த அக்காவைத் தவிர. அவர் குனிந்து பார்த்தார், ஒரு கண்ணை மூடியும் பார்த்தார். பிறகு சொன்னார்:

“இந்தக் கீழ்க் கொப்பையும் எடுக்கவேணும்.”

“அதையோ? இந்த மரத்திலையே முக்கியமான கொப்பு அதுதான்.”

“அது வளைவை மறைக்குது.”

மாமாவின் காதுகள் சிவந்தன. “இந்தச் சூடு மரத்துக்குக் கூடாது” என்று முணுமுணுத்தபடி அதைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்கு நடந்தார். அந்த அக்கா அடுப்படி மேசையில் கிடந்த கத்தரியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். நான் அடுப்படி யன்னலுக்கு ஓடினேன்.

வெளியே யுத்தம் தொடங்கிவிட்டது.

“உங்களுக்குக் கண் தெரியாதோ? இதிலை நிண்டு பாருங்கோ!”

“அதிலை நிண்டால் பிழையாத்தான் தெரியும். முன்பக்கம் இது!”

“அப்ப உங்கட முன்பக்கமே பிழை!”

“கத்தரியைத் தாரும்!”

“தரமாட்டன்!”

பெற்றோல் ஸ்டேஷனில் குடிகாரனிடம்கூடக் குரல் உயர்த்தாத மாமா கத்திக்கொண்டிருந்தார். மரத்தைச் சுற்றி அவர் இந்தப் பக்கம், அந்த அக்கா அந்தப் பக்கம். இரண்டு பேர் வாயிலிருந்தும் புகை புகையாக வந்தது.

நான் ஹோல் பக்கம் திரும்பிக் கத்தினேன். “அம்மா! எல்லாம் துலைஞ்சுது! ரெண்டுபேரும் சண்டை பிடிக்கினம். ஓடி வாங்கோ!”

அம்மா வந்தார். பாதி திறந்திருந்த பின்கதவருகே நின்று காதுகொடுத்தார். வெளியே அந்த அக்கா, “சரி, இதை விடுவம். மேல்கொப்புக்கு என்ன செய்யப்போறீர்?” என்று அடுத்த சண்டைக்கு அடியெடுத்துக்கொண்டிருந்தார். விலக்குப் பிடிக்க அம்மா பாயப்போகிறார் என்று நான் வழிவிட்டு ஒதுங்கினேன்.

அம்மா சத்தம் வராமல் கதவைச் சாத்தினார். பிறகு யன்னல் திரையையும் இழுத்துவிட்டார்.

கோட்டுகூடப் போடாமல் பனிக்குளிருக்குள் நிற்கிற இரண்டு பேரை வெளியே விட்டுக் கதவை மூடுகிறாரே, இந்த அம்மாவுக்குக் கொஞ்சமும் இரக்கம் இல்லையே என்று எனக்கு அழுகை அழுகையாக வந்தது.