அறுகரிசித் தட்டோடு போனவன்

நாவற்குடாவில் இருக்கிற அந்த வீடியோக் கடையில் கலியாணப் படத்திலிருந்து யாரை வெட்டி எடுக்கிறார்களோ, அந்த ஆள் மாதம் திரும்புவதற்குள் இல்லாமல் போய்விடுமாம். சுலோஜனாவிடம் இதைச் சொன்னது பக்கத்து வீட்டு நிருஷா. நிருஷாவிடம் சொன்னது அவளுக்குச் சட்டை தைக்கிறவள். அவளுக்கு யார் சொன்னது என்று நிருஷா கேட்கவில்லை.

"நீ அங்க வேலைக்குப் போறாய் எண்டதால சொன்னன் கா. நம்பாட்டி விடு."

சுலோஜனா நம்பவில்லை. கட்டாருக்குப் போன புருஷன் அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டான். பதினொரு வருடம் காமெண்ட் தொழிற்சாலையில் தைத்து முதுகு விட்டுப்போன பிறகு, உட்கார்ந்து செய்ய அவளுக்குக் கிடைத்த முதல் வேலை இது. சொந்தம் என்று மிச்சமிருப்பவன் தம்பி ரதீஸ் ஒருவன்தான். தேற்றாத்தீவில் தோணியோட்டி றால் பிடிக்கிறான்.

கடைக்காரன் காத்தான்குடி முனாஸ் அவளைவிடப் பதினைந்து வயது இளையவன். முதல் கிழமை முழுக்க வெட்டுவதைத்தான் காட்டிக்கொடுத்தான்.

"வீடியோத் துண்டின்ட ஓரத்தப் பிடிச்சு உள்ளுக்குத் தள்ளுங்க அக்கா. தள்ளினது அழியாது, ஒளிச்சு நிக்கும். இழுத்தா மறுகா வரும்."

"மடிச்சுத் தைச்சா உள்ளுக்குத் துணி இரிக்கிற மாதிரி."

"ஓம். ரெண்டு நாளா நான் கத்தினத ஒரு சொல்லில முடிச்சிட்டீங்க."

இரண்டாம் கிழமை தேற்றாத்தீவுக் கலியாணம் ஒன்று வந்தது. அதைச் சுவிஸிலிருந்து நேரலையில் பார்த்திருந்த மணப்பெண்ணின் சித்தி, தாலி ஏறுகிற நேரம் யாரோ குறுக்கே போகிறான், அவனை எடுத்துவிடுங்கள் என்று செய்தி அனுப்பியிருந்தாள். சுலோஜனா ஓடவிட்டுப் பார்த்தாள். மணமக்கள்மேல் தூவும் அறுகரிசித் தட்டோடு குறுக்கே போனவன் ரதீஸ். நடுவில் நின்று கமராவைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு.

"படத்தக் கெடுத்திரிக்கான் பாரு" என்று அவளும் சிரித்தாள். அவன் தோள் மறையும்வரை ஓரத்தைத் தள்ளினாள். அடுத்த கமராவின் காட்சி வந்து ஒட்டிக்கொண்டது. அப்படி ஒருவன் அங்கே நடந்தான் என்றே தெரியவில்லை.

முனாஸ் வழக்கம்போல, படத்துக்கு எடுத்த துண்டுகளை மட்டும் கணினியில் வைத்துக்கொண்டு மெமரி காட்டை அழித்தான். அந்தக் கமராவுக்கு இருப்பது ஒரே காட். பின்னேரம் ஏறாவூரில் இன்னொரு படப்பிடிப்பு. பிறகு மதிய லுஹர் தொழுகைக்குப் போனான்.

தனியாக இருந்த சுலோஜனா காதில் ஹெட்போனை மாட்டினாள். மேளம் உச்சத்துக்கு ஏறியது. குறுக்கே யாருமில்லை. ஆனால் காதோடு காதாக ரதீஸின் குரல் கேட்டது.

"கொஞ்சம் விலகுங்க, நான் போகணும்."

ஹெட்போனைக் கழற்றினாள். காரணம் உடனே விளங்கியது: படத்தை மட்டும் தள்ளியிருக்கிறாள், சத்தத்தைத் தள்ளவில்லை. புதிதாகப் பழகுகிறவர்கள் விடுகிற பிழைதான். ஆனால் விளங்கின பிறகும் மனம் ஆறவில்லை. அவனை ஒருமுறை பார்த்தால் போதும் என்று ஓரத்தைப் பிடித்து வெளியே இழுத்தாள். அசையவில்லை. திரும்ப இழுத்தாள். சிவப்புக் கோடு ஒன்று காட்டிவிட்டு அப்படியே நின்றது.

முனாஸ் வந்ததும் கேட்டாள். "தம்பி, ஓரம் வருகுதில்ல."

"எப்பிடி வரும்? மெமரி காட்டத்தான் அழிச்சாச்சே. ஆரு அக்கா அது?"

"என்ட தம்பி."

சிரிக்கப் போனவன் பாதியில் நிறுத்தினான். அந்தக் கதையை நீங்களும் கேட்டீர்களா என்று அவன் கேட்கவில்லை. அதெல்லாம் பொய் என்றும் சொல்லவில்லை. மேசையிலிருந்த அவளுடைய போனை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினான்.

"எதுக்கும் ஒரு கோல் எடுங்க."

ஒன்பது மணிக்குக் கரையேறிவிடுகிறவன் ரதீஸ். பத்துக்குள், சாப்பிட்டாயா என்று அவளைப் போனில் கேட்காமல் விடமாட்டான். இப்போது ஒரு மணியாகப் போகிறது. இன்றைக்கு அவன் அழைக்கவேயில்லை என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

முதல் அழைப்பு முழுதாக அடித்து ஓய்ந்தது. இரண்டாவதும் அப்படித்தான்.

"தோணியில இரிப்பான்" என்றாள்.

அவள் மூன்றாம் முறையும் அழைத்தாள். அங்கே அடித்துக்கொண்டே இருந்தது.