சிவரஞ்சனிக்குப் பதவி பேசிய தாய்மாமன்

தலைச்சோலை முத்தாயியின் மகள் சிவரஞ்சனிக்குப் பேசத் தெரியும். பேசமாட்டாள், அவ்வளவுதான். அது அவள் அப்பன் வழிச் சொத்து. அப்பா மாதேஸ்வரன் வெள்ளக்கடைக்குப் பெண் பார்க்க வந்தபோது ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார், வாயைத் துடைத்துக்கொண்டார், எழுந்து போய்விட்டார். பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று முத்தாயி சாப்பிடாமல் கிடந்தாள். அடுத்த வாரம் மனிதர் சொந்தபந்தத்தைக் கூட்டிக்கொண்டு தட்டு வரிசையோடு வந்து நின்றார். மாதேஸ்வரனுடைய அப்பா இன்னும் மோசம். காப்பித் தோட்டத்தில் கரடி வந்தபோதுகூட அவர் கத்தவில்லை. பக்கத்தில் களை வெட்டிக்கொண்டிருந்தவரின் முதுகைத் தட்டி, கையைக் காட்டிவிட்டு, தன் பாட்டுக்கு நடந்து போனார்.

முத்தாயி பிறந்த வீடு அதற்கு நேர் எதிர். அவளுடைய அண்ணன் சித்தன்தான் எங்கள் வகையறாவில் எந்த நல்ல காரியத்துக்கும் பேச்சுக்காரர். எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருந்து ஓய்ந்தவர். தங்கை வீட்டில் பேசாமல் மிச்சம் வைத்ததையெல்லாம் அவரே சேர்த்துப் பேசித் தீர்த்தார்.

சிவரஞ்சனி ஏற்காட்டில் பள்ளிக்கூடம் முடித்து, சேலத்தில் இன்ஜினியரிங் படித்து, பெங்களூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். பஸ் டிக்கெட் விற்கும் செயலி செய்கிற கம்பெனி. மற்றவர்கள் செய்து கொடுப்பதில் தப்பு எங்கே என்று தேடிப் பிடிப்பது இவள் வேலை. டெஸ்டர் என்று பெயர். பிறவியிலேயே அவளுக்கு அந்தக் கண் உண்டு. அவளுடைய கல்யாணப் பத்திரிகையில் தேதிக்கும் கிழமைக்கும் பொருந்தவில்லை. ஊரே படித்தது, ஒருவரும் பார்க்கவில்லை. மணப்பெண் பார்த்தாள். வாயைத் திறக்காமல் வட்டம் போட்டு மாமனார் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

கொரோனா வருஷத்தில் ஊருக்கு வந்தவள் இங்கிருந்தே வேலை பார்த்தாள். வீட்டுக்குள் சிக்னல் வராது. காப்பிக் கொட்டை காயப்போடும் களத்தின் கிழக்கு மூலையில் மட்டும் வரும். அங்கே ஒரு தகரக் கொட்டகை போட்டு மேசை வைத்துக்கொண்டாள். புருஷன் முருகன் ஏற்காட்டில் ஜீப் ஓட்டினான். பெண் குழந்தை பிறந்தது, களத்திலேயே நடை பழகியது.

போன வருஷக் கடைசியில் கம்பெனி ஒரு உத்தரவு போட்டது. இனி எல்லோரும் பெங்களூருக்கு வந்து சேர வேண்டும். லீடு என்கிற குழுத்தலைவர் பதவியில் இருப்பவர்கள் மட்டும் அவரவர் ஊரிலிருந்து பார்க்கலாம். லீடு ஆனால் குழந்தை மடியில். ஆகாவிட்டால் பெங்களூர் ஹாஸ்டல், குழந்தை போனில். சிவரஞ்சனிக்கு வேறு கணக்கு எதுவும் இல்லை.

மேனேஜர் பாலசுப்பிரமணியம் பெருந்துறைக்காரர். நல்ல மனிதர். போனில் சொன்னார்:

"வேலையில உங்களை அடிச்சுக்க ஆளில்லீங்க சிவரஞ்சனி. ஆனா மேல இருக்கற மேடத்துக்கு உங்களைத் தெரியவே தெரியாது. மீட்டிங்ல நீங்க ஓகேன்னு சொல்றதைத் தவிர நான் கேட்டதில்லீங்க. பொங்கல் கழிச்சு மேடம் எல்லாரையும் பார்க்கப் போறாங்க. உங்களைப் பத்தி நீங்களே நல்லதா பத்து நிமிஷம் பேசோணும். கம்யூனிகேஷன் வேணும். பர்சனல் பிராண்டுன்னு ஒண்ணு கட்டி எழுப்போணும். சரிங்களா?"

"ஓகே சார்," என்றாள் சிவரஞ்சனி.

முருகன்தான் அவளை மரியதாஸிடம் கூட்டிப் போனான். மரியதாஸ் முப்பது வருஷம் ஏற்காட்டில் சுற்றுலாக்காரர்களுக்குக் கைடாக இருந்தவர். இப்போது ஏரிப் பக்கம் பேக்கரி மாடியில் ஆங்கிலப் பேச்சுக்கும் ஆளுமை வளர்ச்சிக்கும் வகுப்பு நடத்துகிறார். படிக்கட்டு முழுக்க பன் வாசனை.

"கண்ணு, உன்னையே ஒரு வியூ பாயிண்டுன்னு நெனச்சுக்கோ," என்றார். "நெஞ்சை நிமித்து. சிரி. வலது கையை இப்படி நீட்டு. 'ஆன் யுவர் ரைட்' அப்படின்னு ஆரம்பி. மலை மேல இருந்து பாத்தா மேட்டூர் டேம் வருஷத்துல பாதி நாளு மேகத்துக்குள்ள கெடக்கும். ஆனா நான் ஒருத்தரையும் வெறும் மனசோட அனுப்பினதில்லை. அதோ டேம்னு மேகத்தைக் காட்டுவேன். ஆமா ஆமான்னு போட்டோ எடுத்துக்குவாங்க. அதுக்குப் பேருதான் பிராண்டு."

சிவரஞ்சனி யோசித்தாள். "டேம் தெரியலைங்களே அங்கிள்," என்றாள்.

"அந்த வாயைக் கழட்டி இங்கயே வெச்சுட்டுப் போ சாமி."

முதல் பாடமாக லிங்க்ட்இன்னில் ஒரு படம் போடச் சொன்னார். லாட்ஜ் மேனேஜர் ஒருவரின் கோட்டை இரவல் வாங்கி மாட்டி, கையைக் கட்டவைத்து, ஏரி பின்னால் தெரிய மரியதாஸே படம் எடுத்தார். கோட்டுக்குள் சிவரஞ்சனி, கொக்கியில் மாட்டிய சட்டை மாதிரி இருந்தாள். 'மேகம் மறைத்தாலும் நான் ஒரு அணை' என்று ஆங்கிலத்தில் எழுதிப் போட்டார்கள்.

இங்கே எங்கள் வகையறாவின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நல்லதை நல்லது என்று நாங்கள் சொல்வதில்லை, கண் பட்டுவிடும். கன்றுக்குட்டி கொழுகொழுவென்று இருந்தால், எலும்பும் தோலுமா கெடக்குதே என்போம். வேண்டிய பிள்ளையாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே மட்டம் தட்டுவோம். சிவரஞ்சனியின் படம் வந்திருக்கிறது என்று தெரிந்ததும் மலையில் பாதிப் பேர் லிங்க்ட்இன்னில் சேர்ந்தார்கள். சேலத்தில் கட்டிக்கொடுத்த ராணி, "ஏங்கண்ணு, காக்கா தூக்கிட்டுப் போட்ட மாதிரி இருக்கற?" என்று எழுதினாள். வெள்ளக்கடை மேனகா, "இந்த மூஞ்சிக்குக் கோட்டு ஒரு கேடு" என்றாள். மேனகாவின் மாமியார் தன் பங்குக்கு, "இதுக்கு எங்க ஊட்டு எருமை எவ்வளவோ தேவலை" என்று பேரனை விட்டு எழுதச் சொன்னாள்.

பாலசுப்பிரமணியம் பதறிப்போய்க் கூப்பிட்டார். "ஏனுங்க, உங்க போஸ்டுக்குக் கீழ ஒரு ஊரே உங்களைத் திட்டி வெச்சிருக்குதுங்க. பங்காளித் தகராறு ஏதாச்சும்ங்களா?"

"இல்லீங்க சார். பாசம்ங்க."

இந்தச் சேதி சித்தனுக்குப் போயிற்று. பெங்களூர்க்காரர்கள் பார்க்க வருகிறார்களாம், பேச்சு நடக்கப்போகிறதாம், பிள்ளையைப் பற்றிப் பிள்ளையே பேசவேண்டுமாம். அவர் வெள்ளக்கடையிலிருந்து விடிகாலை பஸ்ஸைப் பிடித்து வந்து தங்கையைச் சத்தம் போட்டார்.

"எந்த ஊரு நியாயம் இது? தாய்மாமன் நான் குத்துக்கல்லாட்ட உக்காந்திருக்கறேன். புள்ள எந்திரிச்சு நான் நல்லவ, நான் கெட்டிக்காரின்னு சொல்றதா? கேக்கறவன் சிரிக்கமாட்டான்?"

முத்தாயிக்கும் அது சரியாகப் பட்டது. பெண் பேசும்போது எங்களில் எப்படி? பெண்ணின் தாய்மாமன் எழுந்து பெண்ணைக் குறை சொல்வார். சோறாக்கத் தெரியாது, வாய்த்துடுக்கு, தூக்கம் அதிகம் என்பார். மாப்பிள்ளை பக்கத்து ஆள் அதை மறுக்க வேண்டும். "அப்படிச் சொல்லாதீங்க, புள்ளைக்கு என்ன குறை" என்று அவர் வாயிலிருந்து வந்துவிட்டால் பேச்சு முடிந்தது. வெற்றிலை மாற்றிக்கொள்ளலாம். அதன்பிறகு எந்த மகராசனும் பின்வாங்க முடியாது.

இது பெங்களூருக்குத் தெரிந்திருக்குமா என்று ஒருவரும் யோசிக்கவில்லை. மனிதர்கள்தானே, தெரியாமலா இருக்கும்.

மேடம் பேசுகிற நாளில் களத்துக் காப்பியை ஓரமாக ஒதுக்கிப் பாய் விரித்தார்கள். தலைச்சோலைச் சொந்தம் ஒரு பக்கம், வெள்ளக்கடைச் சொந்தம் ஒரு பக்கம். லேப்டாப்புக்கு முன்னால் தட்டில் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு மலைவாழை, தேங்காய். மரியதாஸ் டை கட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார். மேடத்துக்குத் தமிழ் தெரியாது என்பதால் மொழிபெயர்க்க அவரை வைத்திருந்தார்கள். சிவரஞ்சனிக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்லவும் பேசத்தானே வேண்டும்.

திரையில் மேடமும் பாலசுப்பிரமணியமும் வந்தார்கள். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார் மேடம்.

சிவரஞ்சனி நெஞ்சை நிமிர்த்தினாள். சிரித்தாள். வலது கையை நீட்டி, "ஆன் யுவர் ரைட்" என்றாள். நின்றுவிட்டாள். மேடம் தன் வலது பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே ஜன்னல்தான் இருந்தது போல. சிவரஞ்சனியின் கை நீட்டியபடியே இருந்தது. கோழி ஒன்று குறுக்கே போயிற்று.

சித்தன் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்குள் நுழைந்தார்.

"வணக்கமுங்க. புள்ளையோட தாய்மாமனுங்க, சித்தன். அங்க மழை தண்ணி எப்படிங்க? நல்லது. புள்ளையப் பத்திக் கேட்டீங்க. நொம்ப மந்தமுங்க. ஒரு வேலை சொன்னா ஒம்போது தடவை சொல்லோணும்."

களத்தில் இருந்த சொந்தமெல்லாம், "ஆமாங்க, ஆமாங்க" என்றது.

மரியதாஸ் மலையடிவாரத்திலிருந்து ஏறி வந்தவர், அவருக்கு இந்த வழக்கம் தெரியாது. ஆனாலும் உள்ளூர்க்காரர் சொன்னதைச் சொன்னபடி சொல்வது கைடு தர்மம். டேம் விஷயத்தில் மட்டும்தான் அவர் பொய் சொல்வார். அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். மேடம் குனிந்து எழுதிக்கொண்டார்.

சித்தன் மறுப்புக்காகக் காத்திருந்தார். வரவில்லை. "தூக்கமுங்க," என்றார். "கம்ப்யூட்டரைத் தொறந்து வெச்சுட்டே தூங்குமுங்க." மேடம் அதையும் எழுதினார். பாலசுப்பிரமணியம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

சித்தன் தங்கை பக்கம் சாய்ந்து சொன்னார்: "கெட்டியான கையா இருக்குது முத்தாயி. மறுக்கவே மாட்டேங்கறாங்க. இன்னுங்கொஞ்சம் எறங்கோணும்."

"எறங்குண்ணா," என்றாள் முத்தாயி.

இறங்கினார். ஞாபகமறதி, சிடுமூஞ்சி, சின்ன வயதில் ஆட்டுக்குட்டியைத் தொலைத்தது, எல்லாம் ஆங்கிலத்தில் பெங்களூர் போய்ச் சேர்ந்தது. குழந்தை முருகன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. சிவரஞ்சனி அந்தக் குழந்தையைப் பார்த்தாள், திரையில் எழுதுகிற மேடத்தின் கையைப் பார்த்தாள். சித்தன் தம் கட்டி, கடைசிப் படியில் கால் வைத்தார்.

"நெசத்தைச் சொல்லிடறனுங்க. புள்ள கண்டுபுடிச்ச தப்புல பாதி, தப்பே இல்லீங்க."

"மாமா," என்றாள் சிவரஞ்சனி.

அவர் பக்கம் திரும்பினாள்.

"எது?"

"எதுன்னா?"

"எந்தத் தப்பு தப்பில்லைங்கறீங்க? என்னத்த அமுக்கினீங்க, என்ன வந்துது? காட்டுங்க."

"வழக்கத்துக்குச் சொன்னதம்மணி, நீ சும்மா இரு."

"டிரைவர் சீட்டை ஒரு அம்மாவுக்கு டிக்கெட் போட்டு வித்துதுங்க மாமா செயலி. ஜன்னலோர சீட்டுன்னு. அது தப்பா, தப்பில்லையா?"

"தப்புங்க," என்றது சொந்தம் மொத்தமும்.

"யாரு புடிச்சது?"

"நீதான் கண்ணு."

"நேத்துப் போன பஸ்ஸுக்கு இன்னைக்கு டிக்கெட் குடுத்துது. கைக்குழந்தைக்குப் படுக்கை வேணும்னா லாரி ஆபீஸ் நம்பரைக் காட்டுச்சு. புடிச்சது யாரு?" மாமனைப் பார்த்துத் தமிழில் கேட்டதையே மேடத்தைப் பார்த்து ஆங்கிலத்திலும் கேட்டாள். அடுக்கிக்கொண்டே போனாள். எந்தக் கோளாறு, எப்படி வந்தது, அதைத் திருத்தாமல் விட்டிருந்தால் எந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் எத்தனை பேர் நடுத்தெருவில் நின்றிருப்பார்கள். மரியதாஸ் மொழிபெயர்க்க வாயைத் திறந்தார். "நீங்க தள்ளுங்க அங்கிள், நீங்க சொன்ன 'மந்த'த்துக்கே இங்கிலீஷ் தப்பு," என்று அவரையும் ஓரங்கட்டினாள். பொண்டாட்டியின் குரல் இவ்வளவு பெரியது என்று முருகனுக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

சித்தனும் விடவில்லை. அவர் பார்த்த பேச்சுகளில் பெண்ணே எழுந்து மறுத்தது கிடையாது. அது செல்லாது. "என்ன சொன்னாலும் புள்ள மந்தந்தானுங்க," என்று திரும்ப ஆரம்பித்தார்.

பாலசுப்பிரமணியத்தால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. பெருந்துறை ரத்தம்.

"அட, அப்படிச் சொல்லாதீங்க மாமா. புள்ளைக்கு என்னங்க குறை?"

சித்தன் எழுந்தார். தோள் துண்டை இடுப்பில் கட்டினார். வெற்றிலைத் தட்டை இரண்டு கையாலும் தூக்கித் திரைக்கு நேரே நீட்டினார்.

"முடிஞ்சுதுங்க. எடுத்துக்கங்க."

"ஐயா, இதை மேடம்தான் முடிவு பண்ணோணும்ங்க."

"சபை கேட்டுருக்குதுங்க மாப்ள. சொன்னது சொன்னதுதான்."

யாரோ தேங்காயை உடைத்துவிட்டார்கள். என்ன நடக்கிறது என்று மேடம் கேட்டார். மரியதாஸுக்கும் விளங்கவில்லை. பழக்க தோஷத்தில், நேரம் முடிந்தது, போட்டோ எடுப்பவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆங்கிலத்தில் அறிவித்தார். மேடம் நிஜமாகவே ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்.

லீடு உத்தரவு அந்த வாரமே வந்தது. சொந்த மாமனிடமே ஆதாரம் கேட்கிறவள் யாரிடமும் கேட்பாள் என்று மேடம் சொன்னாராம். குழந்தை களத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

சித்தன் அத்தோடு விடவில்லை. பேச்சு முடித்துக் கொடுத்த மாமனுக்கு மரியாதை செய்யவேண்டும் என்று ஆள்மேல் ஆள் விட்டார். வேட்டி துண்டுக்கு வழியில்லாத கம்பெனி, தன் பெயர் போட்ட ஒரு பனியன் அனுப்பியது. கோயில் திருவிழாவுக்கு அதைத்தான் வேட்டிமேல் போட்டுக்கொண்டு வந்தார். பெங்களூரில் இப்போது பதவி உயர்வுப் பேச்சு என்றால் ஆளாளுக்குத் தாய்மாமனைக் கூட்டிவருகிறார்களாம். மாமன் இல்லாத ஒருத்தன் சித்தப்பாவைக் கூட்டிவந்து திருப்பி அனுப்பப்பட்டான்.

போன மாதம் பாலசுப்பிரமணியமே கூப்பிட்டார். அவருக்கும் மேலே போக ஒரு பேச்சு இருந்தது.

"எங்க மாமா போன வருஷம் தவறிட்டாருங்க. நீங்க வர முடியுங்களா?"

"முறை வேணுமே மாப்ள," என்றார் சித்தன். "உங்கம்மா பொறந்த ஊரு எது?" காஞ்சிக்கோயில் என்றார் அவர். சித்தன் கண்ணை மூடி யோசித்தார். எஸ்டேட்டில் கணக்கெழுதிய ரைட்டரின் மச்சான் அந்த ஊர். ரைட்டர் சித்தனை ஒரு காலத்தில் தம்பி என்று கூப்பிட்டிருக்கிறார். அங்கே பிடித்து இங்கே முடிந்து, கடைசியில் பாலசுப்பிரமணியத்தின் அம்மா சித்தனுக்குத் தங்கை ஆகிவிட்டாள்.

அந்தப் பேச்சும் களத்தில்தான் நடந்தது. பனியனைப் போட்டுக்கொண்டு சித்தன் திரைமுன் உட்கார்ந்தார். சிவரஞ்சனி லீடு என்பதால் இந்தத் தடவை கம்பெனிப் பக்கம், மறுக்கவேண்டியது அவள்.

"பையன் நொம்ப மந்தமுங்க," என்று தொடங்கினார் சித்தன்.

சொந்தம் முழுக்க சிவரஞ்சனியின் வாயைப் பார்த்தது. திரையில் பாலசுப்பிரமணியமும் பார்த்தார். ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும்.

"எந்த விஷயத்துல மாமா?" என்றாள்.