கன்றுக்கு விட்ட மிச்சம்

பாட்டி எந்தப் பாத்திரத்தையும் வழித்துக் காலி செய்ததாகச் சரித்திரமே கிடையாது. டீ குடித்தால் தம்ளரின் அடியில் ஒரு வாய் நிற்கும். சட்டியில் ஒரு கரண்டி மிஞ்சும். பற்பசைக் குழாயைக்கூடக் கடைசிவரை பிதுக்க மாட்டாள். பேரப்பிள்ளைகள் அவளுக்கு 'மிச்சப் பாட்டி' என்று பேர் வைத்துவிட்டார்கள். லாரி மெக்கானிக்கான தாத்தாவுக்கோ அந்த ஒரு வாய் டீயைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

"அதையும் குடிச்சுட்டா என்ன, குடியா முழுகிடும்?"

"அவ்வளவு மனசு கேக்கலேன்னா நீங்க குடிங்க."

குடிப்பார். கல்யாணம் ஆன நாளிலிருந்து சாகும்வரை குடித்தார், முணுமுணுத்துக்கொண்டே. அவர் போன பிறகு அந்த ஒரு வாய் பாத்திரம் கழுவும் தொட்டியில்தான் போயிற்று.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பேத்தி ஒருமுறை கேட்டாள். பாட்டி வளர்ந்தது ஒரு மாட்டுப் பண்ணையில். அதைச் சொர்க்கம் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. "குளிர்ல விரல் விறைச்சுப் போகும், மாடு உதைக்கும், துணியெல்லாம் சாணி. யாருக்கு வேணும் அந்தப் பண்ணை!" என்பாள். சின்ன வயதில், அண்ணனைவிட அதிகம் கறந்து காட்டுகிறேன் பார் என்று வீம்புக்கு ஒரு பசுவை ஒட்டக் கறந்துவிட்டாளாம். நுரை தளும்பும் வாளியோடு அப்பா முன்னால் போய் நின்றிருக்கிறாள். அப்பா வாளியைப் பார்த்தார், கன்றைப் பார்த்தார். "அதுக்கு எங்கே?" என்று மட்டும் கேட்டார். கன்று சாயங்காலம்வரை வெறும் மடியை முட்டி முட்டிக் கத்தியது.

"அடி வாங்கியிருந்தாக்கூட மறந்திருப்பேன்டி. அந்தக் கத்தல் இன்னும் காதை விட்டுப் போகல."

கல்யாணமாகி டவுனுக்கு வந்து, பிஸ்கட் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டி, இரண்டு பிள்ளைகளைக் கரையேற்றினாள். மூத்தவர் மாமா. இளையவள் பேத்தியின் அம்மா. அம்மா வேலைக்குப் போனதால் பேத்தி வளர்ந்ததே பாட்டியின் அந்த இரண்டறை வீட்டில்தான். படித்து முடித்துப் பல் ஆஸ்பத்திரியில் உதவியாளராகச் சேர்ந்த பிறகும், வேலை விட்டதும் அவள் கால்கள் அங்கேதான் போகும்.

எண்பத்தைந்து தாண்டிய பிறகு பாட்டிக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதுவும் போயிருந்தால் மாமா நிம்மதியாக இருந்திருப்பார். வலது கைதான் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தன் ஆறாவது மாடி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போன மாமா கறாராகச் சொல்லிவிட்டார்.

"உன் வீட்டுப் பூட்டை நீயே திறந்து காட்டும்மா. அப்புறம் தனியா இரு. இல்லேன்னா இங்கேதான்."

அந்தப் பூட்டு லேசுப்பட்டதல்ல. இடது கையால் கதவை இழுத்துப் பிடித்தபடி வலது கையால் சாவியை அழுத்தித் திருப்ப வேண்டும். மாமா கெட்டவர் அல்ல, பயந்தவர். ஆனால் அந்த ஆறாவது மாடியில் பாட்டி ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்தே இருந்தாள். பேச்சு குறைந்தது, சாப்பாடு குறைந்தது. இப்படியே விட்டால் ஆள் மிஞ்ச மாட்டாள் என்று பேத்திக்குத் தெரிந்துவிட்டது.

பயிற்சி கொடுக்க வந்த பெண் ஒரு மஞ்சள் பந்தைத் தந்து, தினமும் அமுக்கச் சொன்னாள். பாட்டி அதைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டாள். "பந்து விளையாடற வயசா எனக்கு?"

கெஞ்சினார்கள், மிரட்டினார்கள். ம்ஹூம்.

மறுநாள் பேத்தி பல் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு ரப்பர் கையுறை கொண்டுவந்தாள். அதில் தண்ணீரை நிரப்பி, வாயைக் கட்டி, பாட்டியின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டாள். விரல் நுனிகளில் ஊசியால் குத்தினாள். கீழே வாளியை வைத்து, கையுறையின் விரலைப் பிடித்து வேண்டுமென்றே தறிகெட்டு இழுத்தாள்.

பாட்டி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"அடிப் பாவி! இப்படி இழுத்தா மாடு சும்மா விடுமா? பல்லைப் பேத்துடும்!"

"பின்னே எப்படியாம்?"

"தள்ளு. கட்டை விரலாலே மேலே அடைச்சுக்கோ. அப்புறம் ஒவ்வொரு விரலா கீழே வரைக்கும் மூடணும். இழுக்கவே கூடாது."

இடது கையால் செய்து காட்டினாள். சர்ரென்று வாளியில் விழுந்தது. "ரெண்டு கையும் வேணுமேடி இதுக்கு" என்று சலித்துக்கொண்டு, விழுந்த கையைத் தானே தூக்கி அடுத்த விரல்மேல் வைத்தாள். அது சும்மா கிடந்தது. மறுநாளும் சும்மா கிடந்தது. அந்த வாரக் கடைசியில் கட்டை விரல் மட்டும் அசைந்தபோது பேத்தி குளியலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள். பிறகு தினமும் ஒரு கையுறை. பாட்டி ஒருநாளும் அதைக் காலி செய்யவில்லை.

"போதும். மிச்சம் கன்னுக்கு."

"பாட்டி, இது கிளவுஸ்."

"எனக்குத் தெரியாதா? கைதான்டி விழுந்துச்சு, மூளை இல்லே."

சோதனை நாளன்று மாமா கையைக் கட்டிக்கொண்டு பாட்டி வீட்டு வாசலில் நின்றார். பாட்டி இடது கையால் கதவை இழுத்துப் பிடித்தாள். வலது கையின் விரல்களை ஒவ்வொன்றாகச் சாவியின்மேல் மூடினாள். முதல் தடவை நழுவியது. மாமா முன்னால் வர, "கிட்டே வராதே" என்று ஒரு அதட்டல். இரண்டாம் தடவை பூட்டு திறந்தது. "சரி, ஜெயிச்சுட்டே" என்றார் மாமா. கண்ணைத் துடைத்துக்கொண்டதை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு சில வருஷங்கள், தன் வீட்டில், தன் இஷ்டத்துக்கு இருந்தாள். கடைசியில் வந்ததும் பெரிய நோயில்லை. உடம்பு தளர்ந்துகொண்டே போயிற்று. லீவு போட்டுவிட்டுப் பேத்தி கூடவே இருந்தாள்.

அன்று காலை கொஞ்சம் பால் கேட்டாள். பேத்தி தலையைத் தாங்கிப் புகட்டினாள். முக்கால் தம்ளர் உள்ளே போனதும் "போதும்" என்று வாயை மூடிக்கொண்டாள். பிறகு வலது கையால் பேத்தியின் இரண்டு விரல்களைப் பிடித்தாள். மேலே கட்டை விரல் இறுகியது, அப்புறம் ஒவ்வொரு விரலாகக் கீழே மூடியது. விட்டது. மறுபடி மூடியது. கண் மூடியே இருந்தது. கொஞ்ச நேரத்தில் கை நின்றுவிட்டது.

அம்மாவுக்கும் மாமாவுக்கும் போன் செய்துவிட்டு, பேத்தி தம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்தாள். அடியில் ஒரு வாய் பால் இருந்தது.

குழாயை மூடிவிட்டு, நின்றபடியே அதைக் குடித்தாள்.