மீன்தலையும் விதானை வேலையும்

வெள்ளவத்தையில் நான்கு கிளாக்குமாரும் பத்திரிகையில் வேலை பார்த்த நானும் சேர்ந்து ஒரு வீடு எடுத்து, சமையலுக்கு ஆள் வைத்திருந்தோம். எங்கள் ஊர்த் தலைமை அதிகாரியான விதானையார் கண் சத்திரசிகிச்சைக்குக் கொழும்பு வந்தபோது எங்களோடுதான் தங்கினார். இரண்டு மகன்மாரும் கூடவே வந்தார்கள். தகப்பன்மேல் பாசம் இருந்தது உண்மை. அவர் ஓய்வுபெறப் போகிறார், அடுத்த விதானை யார் என்று அரசாங்க ஏஜண்டர் துரை அவரிடந்தான் கேட்பார் என்பதும் உண்மை. மூத்தவர் ஆங்கிலம் படித்தவர். வேலை தனக்கென்றே நம்பி, புறக்கோட்டையில் கறுப்புக் கோட்டும் தைப்பித்துவிட்டார். இளையவர் சாப்பிடுவதும் கதை கேட்பதுமாக இருந்தார்.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மீன்தலை முறைவைத்துப் போகும். முந்திய ஞாயிறு அமாவாசை, மரக்கறிதான். அன்றைய முறை எங்களில் தபால் கந்தோர்க்காரருடையது. இந்த ஞாயிறு ரயில்வேக்காரருடையது. தவறிய முறை இன்றைக்கு வருமா, போனது போனதுதானா? சட்டியைச் சுற்றி வழக்கு மூண்டது.

மூத்தவர் எழுந்து நின்றார். "தவறின முறை தவறினதுதான். தலை ரயில்வேக்கு."

சரியான தீர்ப்பு. தபால்காரர் சோற்றுக் கோப்பையைத் தள்ளினார். "நான் நாளைக்கே வேறை வீடு பாக்கிறன்!"

"போம், ஒரு மீன்தலைக்கு அலையிற மனிசன்!" என்றார் ரயில்வேக்காரர்.

இளையவர் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "பொறுங்கோ அண்ணை. ரெண்டு பேரின்ர கதையிலையும் ஞாயம் இருக்கு. முதலிலை இருந்து சொல்லுங்கோ."

சொன்னார்கள். "அதுவும் சரி. அங்காலை?" என்றார். மறுபடியும் சொன்னார்கள். சோறு ஆறிப்போனது. கடைசியில் தபால்காரர் கத்தினார்: "உந்தத் தலையை நீரே தின்னும்!"

"ஓம், நீரே தின்னும்!" என்றார் ரயில்வேக்காரரும்.

இளையவர் தலையை எடுத்துத் தின்றார். வழக்காடிய இருவரும் அருகருகே இருந்து, அவரை ஒரே வாயாகத் திட்டிக்கொண்டு நடுத்துண்டுகளைப் பகிர்ந்தார்கள்.

கண்ணில் கட்டோடு கட்டிலில் கிடந்த விதானையார் என்னைக் கூப்பிட்டார். "தலை ஆருக்குப் போச்சுது தம்பி?"

"உங்கட இளையவருக்கு."

"மூத்தவன் சொன்னதுதான் சரி. ஆனால் சரியாத் தீர்ப்புச் சொல்லப் புதுக்கடை நீதிமன்றத்திலை ஆக்கள் இருக்கினம். ஊருக்கு, எல்லாருமாச் சேந்து திட்டுறதுக்கு ஒரு ஆள் வேணும்."

இளையவர் விதானையானார். மூத்தவர் கறுப்புக் கோட்டை மடித்துப் பெட்டியில் வைத்தார். பிறகு புதுக்கடையில் ஒரு புரொக்டர் வக்கீலிடம் வேலைக்குச் சேர்ந்தார். கோட்டு வீண்போகவில்லை.