முற்றும் என்று ஆரம்பித்த புத்தகம்

மயில்துத்தம் கலந்து காய்ச்சிய மைதாப் பசைக்கு ஒரு கசப்பு வாசனை உண்டு. எழுபதுகளில், மலையாள எல்லையோரம் இருக்கும் எங்கள் எருத்தேன்பதியில் நான் படித்த மாயாஜால நாவல் முழுக்க அந்த வாசனைதான். பூச்சி அரிக்காமல் இருக்கப் போட்ட துத்தம், எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினால் என் நாக்கிலும் கசந்தது.

நாவல் எங்கள் அத்தையோடு வந்தது. அப்பாவின் தங்கை. மூணாற்றில் மளிகைக்கடை வைத்திருந்தவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒரு மழைக்காலத்தில் தனியாக, ஒரு தகரப் பெட்டியோடு திரும்பி வந்தாள். பெட்டியில் சேலையைவிட அதிகமாக இருந்தவை வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்த தொடர்கதைத் தாள்கள். ஏன் வந்தாள் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நான் உள்ளே நுழைந்தால் பெரியவர்கள் பேச்சைக் கடலைக்காய் விலைக்கு மாற்றிவிடுவார்கள். அவள் முன்கையில் இருந்த சூட்டுத் தழும்பைப் பற்றிக் கேட்டதற்கு "அடுப்பு" என்றாள். "போன எடத்துல பொறுத்துப் போயிருக்கோணும்" என்று அம்மா முணுமுணுப்பது மட்டும் அடிக்கடி காதில் விழுந்தது.

பஸ்ஸில் மழைத்தண்ணீர் புகுந்து தாள்கள் நனைந்து கலைந்திருந்தன. தங்கை முகம் தெளியட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, அப்பா அவளிடம்கூடக் கேட்காமல் அவற்றைக் காயவைத்து, பக்கத்து ஊரான சித்தூரில் "பைண்டு" போடுகிறவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த மனிதருக்குத் தமிழ்ப் பேச்சு புரியும், எழுத்து தெரியாது. அத்தியாயங்களுக்குத் தலைப்பு உண்டு, எண் கிடையாது. பக்க எண்களோ அந்தந்த வார இதழுக்கு உரியவை. அவர் படங்களைப் பார்த்தே அடுக்கிவிட்டார். கதை என்றால் ராஜாவிலிருந்துதானே தொடங்கும் என்று மலையாளத்தில் பெருமையாகச் சொன்னாராம். அரண்மனையும் போரும் முன்னால் போயின, குடிசைகள் பின்னால் போயின. கதைப் புத்தகமே தொடாத அப்பாவும் தலையாட்டி வாங்கி வந்துவிட்டார்.

இது எதுவும் தெரியாமல் நான் படித்தேன். மேகவல்லி என்ற சூனியக்காரி ஒரு நாட்டையே உறங்கவைத்துவிட, இளவரசன் அவளைக் கல்லாக்குகிறான். கீழே "முற்றும்" என்று போட்டிருக்கிறது. ஆனால் கையில் இன்னும் முக்கால் புத்தகம் மிச்சமிருக்கிறதே! அடுத்த தாளில் அவள் உயிரோடு உட்கார்ந்து மந்திரம் கற்கிறாள். இன்னும் போகப் போக வயது குறைந்து, இரட்டைச் சடை போட்டு, கடைசிப் பக்கத்தில் கிணற்றடியில் குடத்தோடு நிற்கிறாள். எனக்குத் தலை சுற்றியது. இவளை வெறுப்பதா, இவளுக்காக அழுவதா? அழுதேன், ஆனால் எதற்கு என்று தெரியாமலே அழுதேன்.

பைண்டு ஆன புத்தகத்தை அத்தை திறக்கவே இல்லை. கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தவளிடம் போய், "மேகவல்லி நல்லவளுங்களா, கெட்டவளுங்களா அத்தை?" என்று கேட்டேன். உனக்கு என்ன தோன்றுகிறது என்று என்னையே திருப்பிக் கேட்டாள். நான் புரிந்துகொண்டதைச் சொன்னேன். கல்லாய்க் கிடந்தவளுக்குச் சாபம் தீர்ந்துவிடுகிறது. மந்திரங்களை ஒவ்வொன்றாக விட்டுவிட்டுத் தன் ஊருக்கு வந்து, தாகத்தோடு வந்த வழிப்போக்கனுக்குத் தண்ணீர் சேந்திக் கொடுக்கிறாள்.

அத்தையின் கை நின்றுவிட்டது. "கடைசியில கெணத்தடிக்கே வந்துட்டாளா?"

"ஆமாங்க அத்தை. யாரும் அவள ஒண்ணும் சொல்லலீங்க."

அடுத்த வாரமே மாமாவின் ஆட்கள் மூணாற்றிலிருந்து அழைத்துப்போக வந்தார்கள். அப்பா அரை மனதாய் அனுப்பிவைக்கத்தான் இருந்தார். பெட்டிகூட வாசலுக்கு வந்துவிட்டது. கிணற்றிலிருந்து குடத்தோடு வந்த அத்தை அதை இறக்கிவைக்காமலே சொன்னாள்: "நான் போகலீங்கண்ணா. இங்கயே இருந்துக்கறேன்." அப்பா பெட்டியை எடுத்துத் திரும்ப உள்ளே வைத்தார். பிறகு வந்தவர்களிடம், காப்பி குடித்துவிட்டுக் கிளம்பச் சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஏன் அம்மா அழுகிறாள் என்று மட்டும் விளங்கவில்லை.

பல வருஷம் கழித்துக் கோயமுத்தூரில் அதே நாவலை அச்சுப் புத்தகமாக வாங்கினேன். அது கிணற்றடியில் தொடங்கியது, கல்லில் முடிந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. யாரோ மேகவல்லியை ஏமாற்றிவிட்டார்கள் என்றே பட்டது. அப்புறம்தான் உறைத்தது, அத்தை இதை வாராவாரம் சரியான வரிசையில் படித்தவள் அல்லவா? கதை கல்லில்தான் முடியும் என்று அப்போதே தெரியாதா என்று நேரில் போய்க் கேட்டேன். அதற்குள் அவளுக்கு நரைத்துவிட்டிருந்தது.

"தெரியாம என்ன கண்ணு. அவ கல்லான வாரம் எனக்குச் சோறே எறங்கல. நீ சொன்னதக் கேட்டுத்தான் எனக்கு மூச்சு வந்துச்சு."

இன்று அத்தை இல்லை. கிணற்றைத் தூர்த்து ஆழ்குழாய் போட்டாயிற்று. சித்தூர்க் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். இரண்டு புத்தகங்களும் என்னிடம் இருக்கின்றன. எது சரியான கதை என்று கேட்டால் இன்னமும் குழம்பித்தான் போகிறேன். அச்சுப் புத்தகம் "முற்றும்" என்று முடிகிறது. அத்தையின் புத்தகத்திலோ கடைசித் தாளில், குடத்தோடு நிற்பவளின் காலடியில், "தொடரும்" என்று இருக்கிறது.