வளைவு தாண்டினால் இரண்டு மணி

ஏரியூரிலிருந்து நாகமரைக்கு வண்டி நடமாட்டமே இல்லாத சைக்கிள் வழி இருக்கிறதா என்று இன்று காலை போனில் தேடினேன். அணைத் தண்ணீரை ஒட்டி, குன்றுகளைச் சுற்றிப் போகும் சரளை ரோட்டைக் காட்டியது.

எனக்கே காட்டுகிறது! எண்பத்து நாலில் நானும் பாஷாவும் தினமும் மிதித்த ரோடு அது. இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள்.

மேட்டில் அவன் முந்திவிடுவான். வளைவு தாண்டியதும் இரண்டு மணி அடிப்பான். எதிரே மாடு இல்லை, மிதித்து வா என்று அர்த்தம். வருகிறேன் என்று நான் ஒரு மணி அடிப்பேன்.

இன்று தனியாகப் போனபோதும் ஒவ்வொரு வளைவிலும் கை தானாக ஒரு மணி அடித்தது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் பார்த்துவிட்டார்.

"ஏங்க சார், இந்த ரோட்ல ஒரு வண்டியும் வராதுங்களே. யாருக்கு மணி அடிக்கிறீங்க?"

"முன்னால என் கூட்டாளி போறாருங்க."

"விடிஞ்சதுல இருந்து இங்கதான் இருக்கறேன். உங்களுக்கு முன்னால யாரும் போகலீங்க."

பாஷாவை அடக்கம் செய்து மூன்று வருடம் ஆகிறது. அடுத்த வளைவில் மட்டும் மணி அடிக்காமல் போனேன். அதற்கடுத்த வளைவில் அடித்துவிட்டேன்.

போன் சொன்னது சரிதான், ரோட்டில் ஒரு வண்டிகூட வரவில்லை.

அந்தப் பக்கம் சைக்கிளில் போகிறவர்கள் வளைவு தாண்டியதும் இரண்டு மணி அடித்துவிட்டுப் போங்கள். பின்னால் நான் வந்துகொண்டிருப்பேன்.