அண்ணன் கல்யாணத்துக்கு வைத்த ஒயின்

இன்று போனில் ஓர் இத்தாலிய வெள்ளை ஒயின் விளம்பரம் வந்தது. அழிந்தே போனதாக நினைத்த பழங்காலத் திராட்சைக் கொடியை ஏதோ தோட்டத்து மூலையில் கண்டுபிடித்து மறுபடி வளர்த்தார்களாம்.

அதே பெயர்தான் எங்கள் வீட்டு பாட்டிலிலும். எண்பதுகளில் ஆம்பூர் தோல் கம்பெனிக்கு மெஷின் மாட்ட வந்த இத்தாலிக்காரர் அப்பாவுக்குக் கொடுத்தது.

"பெரியவன் கல்யாணத்துல கேக் வெட்றப்போ தொறக்கலாம்" என்றார் அப்பா. அடுத்த மாதம் ஜோலார்பேட்டையில் ரயில் ஏறிய அண்ணன் திரும்பவே இல்லை.

விளம்பரத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டி, "வெள்ளை ஒயின் இத்தினி வருஷம் தாங்காதும்மா. கொட்டிடலாமா?" என்றேன்.

பாட்டிலைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "தொலஞ்ச திராட்சையே கெடச்சிடுச்சாமே. எம்புள்ள மட்டும் வரமாட்டானா?"

ஒயின் பற்றி விவரம் தெரிந்தவர்கள் யாராவது வந்து அம்மாவிடம் பேசுங்களேன்.